வழக்காடாதவர்க்கும் வேண்டும் சட்டக் கல்வி

தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி 2017-இல் தொடங்கப்பட்டது. விழுப்புரம், ராமநாதபுரம் ஆகிய ஊர்களிலும் அதே ஆண்டில்தான் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. அதுவரை சட்டம் படிக்க விரும்பிய தருமபுரி மாணவர் சேலத்திலுள்ள தனியார் கல்லூரிக்கோ, வேலூர், கோவை, சென்னை போன்ற தொலைவூர்களுக்கோ செல்ல வேண்டியிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 68.5 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழக மாவட்டங்களில் கடைசி இடத்தில் இருந்த ஒரு மாவட்டத்துக்குச் சட்டக் கல்லூரி கிடைத்தது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்தக் கல்லூரி யாருக்கானது? மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு அங்கி அணியப் போகிறவருக்கானது. சட்டத்தோடு அன்றாடம் புழங்கியும் நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய தேவையில்லாத கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், செவிலியர், ஆசிரியர், வனக்காவலர், தொழிற்சாலை மேலாளர், செய்தியாளர், தன்னார்வத் தொண்டர் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. இது தருமபுரியின் குறை மட்டுமன்று. இந்தியச் சட்டக் கல்வியின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது.

வழக்குரைஞர்கள் சட்டம், 1961 நீதிமன்றத் தொழிலை வழக்குரைஞர்களுக்கு மட்டும் உரியதாக்கியது. சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பு இந்திய பார் கவுன்சிலிடம் வந்தது. அதன் விளைவாக, சட்டப் படிப்பு என்றாலே வழக்குரைஞர் ஆவதற்கான படிப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எல்.எல்.எம். எனப்படும் முதுகலைச் சட்டப் படிப்பில் சேரவும் முதலில் இளங்கலைச் சட்டப் பட்டம் வேண்டும். பொருளியலிலோ சமூகப் பணியிலோ பட்டம் பெற்ற ஒருவர், தம் துறைக்குத் தேவையான சட்டத்தை மட்டும் ஓராண்டு முறையாகக் கற்க நினைத்தால் அவருக்கான கதவுகள் மிகச் சில.

பிற நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் வழக்குரைஞர் ஆகும் எண்ணம் இல்லாத பட்டதாரிகளுக்கென்றே சட்டவியல் முதுகலைப் படிப்புகள் உள்ளன. மருத்துவமனை நிர்வாகி, வங்கி அலுவலர், மனிதவள மேலாளர், பொறியாளர் ஆகியோர் ஓராண்டு படித்துப் பட்டம் பெறுகின்றனர். யேல் பல்கலைக்கழகம் 1970-களில் செய்தியாளர்களுக்காக இத்தகைய படிப்பை நடத்தியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காக அமெரிக்க உச்சநீதிமன்றச் செய்திகளை எழுதி 1998-இல் புலிட்சர் பரிசு பெற்ற லிண்டா கிரீன்ஹவுஸ் 1978-இல் அங்கே அந்தப் பட்டம் பெற்றவர். அவர் வழக்குரைஞர் ஆகவில்லை. தீர்ப்புகளைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி பல்லாண்டுகள் எழுதினார்.

தமிழகத்துக்கும் இது முற்றிலும் புதியதல்ல. ஒரு காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றவை அஞ்சல் வழியில் நடத்திய பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டத்தை முந்தைய தலைமுறை அரசு ஊழியர்கள் நன்கு அறிவர். அந்தப் பட்டத்தைக் கொண்டு வழக்குரைஞராகப் பதிவு செய்ய இயலாது. ஆயினும், பணியில் இருந்துகொண்டே ஒப்பந்தச் சட்டத்தையும் அரசமைப்புச் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் படித்துப் பார்க்க அது வழி செய்தது. பதவி உயர்வுக்காகப் படித்தவர்களும் உண்டு. கோப்பில் எழுதும் குறிப்புக்குச் சட்ட அடிப்படை வேண்டும் என்று படித்தவர்களும் உண்டு.

வாச்சாத்தி சொல்வது என்ன?

வழக்காடாதவருக்குச் சட்டம் எதற்கு என்று கேட்போருக்குத் தருமபுரி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது.

அரூர் பகுதியில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி கிராமத்துக்குள் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். மலைவாழ் மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், பெண்களும் குழந்தைகளும் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசுப் பணியாளர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்கவும், சம்பவம் நடந்தபோது பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் அவர் உத்தரவிட்டார்.

சட்டம் தெரியாததால்தான் அந்த 269 பேர் அப்படி நடந்தார்கள் என்று சொல்வது பேதைமை. பட்டியல் சாதிகள், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. சீருடையும் அதிகாரமும், தம்மை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சலும் செய்த குற்றம் அது. எந்தப் பட்டயப் படிப்பும் கொடுமைக்கு மருந்தாகாது.

ஆனால், மறைக்கப்பட்ட அந்த உண்மை வெளியே வந்த வழியைக் கவனிக்க வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் சென்று மக்களிடம் கேட்டறிந்து புகாராக்கினர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஏ.நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். அப்போதைய தேசிய எஸ்சி, எஸ்டி ஆணையத்தின் தென்மண்டலப் பொறுப்பில் இருந்த பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை மக்களின் குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்த்தது. 1995-இல் உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. இவர்கள் எவரும் அங்கே வழக்குரைஞராகச் செல்லவில்லை. சங்க ஊழியராகவும் அரசியல் தலைவராகவும் விசாரணை அலுவலராகவும் சென்றனர். எதைக் கேட்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எந்த அமைப்பின் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். நீதிமன்றத்தில் வழக்குரைஞர்கள் எடுத்துவைத்த வாதம் அந்த அடித்தளத்தின் மீதுதான் எழுந்தது. தீர்ப்புக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆன ஒரு வழக்கில், தொடக்க நாள்களில் எழுதப்பட்ட காகிதங்களின் மதிப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கு முன்பே...

சட்டம் பெரும்பாலும் நீதிமன்றத்தில் செயல்படுவதில்லை. அங்கே செல்வதற்கு முன்பே, அலுவலக மேசைகளில் அதன் வெற்றியும் தோல்வியும் முடிவாகிவிடுகின்றன. தருமபுரி மாவட்டத்தின் மூன்று சிக்கல்களை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும்.

முதலாவது, பெண் சிசுக்கொலைக்கும் கருவிலேயே பாலினம் கண்டறிவதற்கும் எதிரான போராட்டம். சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் இந்த மாவட்டத்திலிருந்து அண்மைக் காலம் வரை வந்துகொண்டிருக்கின்றன. 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, கர்ப்பிணிக்குச் செய்யப்படும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்பப்பட வேண்டும். அதில் உள்ள குறைபாடு வெறும் எழுத்துப் பிழையன்று, அதுவே குற்றமாகும் என்ற விதியை 2019-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நடைமுறையில் அந்தப் படிவத்தைக் கையாள்பவர் மையத்தில் பணிபுரியும் செவிலியரோ எழுத்தரோதான். அதைச் சரிபார்ப்பவர் சுகாதாரத்துறை அலுவலர். சட்டத்தின் உயிர்நாடி இவர்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது, குழந்தைத் திருமணம். 2006-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தின்கீழ் தமிழகத்தில் தடுப்பு அலுவலராகச் செயல்படுபவர் மாவட்டச் சமூக நல அலுவலர். திருமணத்துக்கு முன்பே நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெற முடியும் என்பது எத்தனை பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்? பத்தாம் வகுப்பு மாணவி திடீரென்று வகுப்புக்கு வராமல் போகும்போது அதை முதலில் அறிபவர் ஆசிரியர்தான்.

மூன்றாவது, வன உரிமை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனநிலத்தைத் தம் வாழ்வுக்காகப் பயன்படுத்திவரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபையும் அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவும். அரசு ஆவணம் இல்லாத நிலையில், ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிவு செய்து சான்றாக வைக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. தமிழகத்தில் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமை வழங்கும் பணி பல ஆண்டுகள் தாமதமாயிற்று. அந்தத் தடை நீங்கிய பிறகும், சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் ஒரு கோரிக்கை நிலைப்பதும் நிராகரிக்கப்படுவதும், அதை எழுதித் தருபவருக்குச் சான்று பற்றிய விதி தெரியுமா என்பதைப் பெரிதும் பொறுத்தது.

எந்தெந்தப் பணிகள்?

சரி, வழக்குரைஞர் ஆகாமல் சட்டம் படிப்பவருக்குப் பணி வாய்ப்பு உண்டா? உண்டு. ஆனால், அவை எவை என்று தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

நீதித்துறை சார்ந்த அமைப்புகள் பலவற்றில் சட்டப் பட்டம் கட்டாயமில்லாத உறுப்பினர் பதவிகள் உள்ளன. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பர். உளவியல், சட்டம், சமூகப் பணி, சமூகவியல், கல்வி போன்றவற்றுள் ஒன்றில் பட்டமும் குழந்தைகள் நலத்தில் ஏழாண்டு ஈடுபாடும் உடையவர்கள் அதற்குத் தகுதி பெறுகின்றனர். அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடுவருடன் இரு சமூகப் பணியாளர்கள் அமர்கின்றனர். மாவட்ட நுகர்வோர் ஆணைய உறுப்பினர் பதவிக்கு ஏதேனும் ஒரு பட்டமும் உரிய துறையில் பத்தாண்டு அனுபவமும் போதும் என்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால், எழுத்துத் தேர்வு உண்டு. தகவல் ஆணையர் பதவிக்குச் சட்டத்துடன் அறிவியல், சமூக சேவை, மேலாண்மை, இதழியல், நிர்வாகம் ஆகிய துறைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பட்டியலிடுகிறது.

தொழில் துறையில் வாய்ப்பு இன்னும் விரிவானது. தருமபுரி இளைஞர்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லும் ஒசூர், பெங்களூரு, திருப்பூர் ஆகிய மூன்றும் தொழிலாளர் சட்டம் அன்றாடம் புழங்கும் நகரங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. அதாவது, நல அலுவலர் தேவைப்படும் ஆலைகளின் எண்ணிக்கை கூடும். இந்தப் பணி கேட்பது வழக்குரைஞர் பட்டத்தை அன்று. சமூகப் பணி, தொழிலாளர் மேலாண்மை போன்ற கல்வியைத்தான். சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இத்துறையில் பட்ட, பட்டயப் படிப்புகளை நடத்துகிறது. தொழில் தகராறுகளில் தொழிலாளர் சார்பாகச் சங்க நிர்வாகி தீர்ப்பாயத்தில் வாதிடலாம் என்பதும், வழக்குரைஞர் தோன்ற எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும் என்பதும் தொழில் தகராறுகள் சட்டம் நீண்ட காலமாக வகுத்திருந்த நெறி.

நிறுமச் செயலர் பணி மற்றொன்று. இந்திய நிறுமச் செயலர்கள் நிறுவனத்தின் தேர்வுகளில் வென்று பெறும் தகுதி அது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் முழுநேர நிறுமச் செயலரை நியமித்தாக வேண்டும். அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்குக் காப்புரிமை முகவர் தேர்வு இருக்கிறது. காப்புரிமைச் சட்டம், 1970 அதற்குக் கேட்பது அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டத்தை; தேர்வில் வெல்பவர் கண்டுபிடிப்பாளர் சார்பாகக் காப்புரிமை அலுவலகத்தின் முன் செயல்படலாம். பொறியியல் பட்டதாரிகள் மிகுந்த தமிழகத்தில் இந்த வழியை அறிந்தோர் குறைவு. தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்த பிறகு வங்கி, மருத்துவமனை, கணினி நிறுவனங்களில் சட்டமும் தொழில்நுட்பமும் அறிந்த அலுவலர்களின் தேவை உருவாகியுள்ளது.

மூன்றாவது வகை, பொது நலப் பணி. சட்டப் பணிகள் ஆணைக் குழு 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துக் கிராமங்களுக்கும் சிறைகளுக்கும் அனுப்புகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்படும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். இவற்றில் பல முழுநேர ஊதியம் தருவன அல்ல, மதிப்பூதியம் மட்டுமே. இதை வாழ்க்கைத் தொழிலாக எண்ணிச் சேர்பவர் ஏமாந்துபோவார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படிப்பும் எச்சரிக்கையும்

இளங்கலைச் சட்டப் பட்டம் இல்லாதவர்க்கு இன்றுள்ள வழிகளில் சில: பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் வணிகச் சட்ட முதுகலைப் படிப்பையும் பட்டயங்களையும் நடத்திவருகிறது, அங்கே 2014 முதல் பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பும் இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அறிவுசார் சொத்துரிமை, நுகர்வோர் பாதுகாப்பு போன்ற பட்டய, சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் சட்டத்தின் தனித் துறைகளில் முதுநிலைப் பட்டயங்களை வழங்கிவந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் குற்றவியல் துறைகள் இருக்கின்றன.

சேர்வதற்கு முன் மூன்று செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலாவது, இந்தப் பட்டங்களில் எதைக் கொண்டும் வழக்குரைஞராகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு பார் கவுன்சில் ஏற்ற கல்லூரியில் நேரடி வகுப்பில் பயின்ற சட்டப் பட்டம் ஒன்றே வழி. ‘வீட்டிலிருந்தே வழக்குரைஞர் ஆகலாம்’ என்ற விளம்பரம் எதுவும் நம்பத்தக்கதன்று. அனுமதி பெறாமல் இணையவழியிலும் தொலைநிலையிலும் எல்.எல்.எம். என்ற பெயரில் நடத்தப்படும் படிப்புகள் செல்லாது என்று 2025-இல் பார் கவுன்சில் எச்சரித்ததும் நினைவில் இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இந்த ஆண்டுக்கு ஏற்பளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, படித்து முடித்தவர் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமன்று, சட்டக் கருத்து வழங்குவதும் ஆவணம் வரைவதும் வழக்குரைஞர் தொழிலில் அடங்கும் என்று சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற ஏ.கே.பாலாஜி வழக்கில் 2018 மார்ச் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் நிறுவனத்துக்குள், தம் பணியின் பகுதியாகச் சட்டத்தைப் பயன்படுத்துவது வேறு. ஊரார்க்குக் கட்டணம் பெற்றுச் சட்ட ஆலோசனை வழங்குவது வேறு.

இன்னொன்றும் உண்டு. பட்டம் தனியாக வேலை வாங்கித் தராது. செவிலியருக்கு மருத்துவச் சட்டமும், கணக்காளருக்கு வரிச் சட்டமும், சமூகப் பணியாளருக்குக் குழந்தைகள் சட்டமும் ஏற்கெனவே இருக்கும் திறனுக்கு வலுச் சேர்க்கும். எந்தத் துறையிலும் கால் ஊன்றாத இளம் பட்டதாரி, கடன் வாங்கி ஒரு சட்டப் பட்டயத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வேலை தேடினால் வழி தெரியாமல் நிற்க நேரிடும். அவருக்கு மூன்றாண்டு பி.எல். படிப்பே நல்லது. தருமபுரி அரசுக் கல்லூரியில் அதற்கான கட்டணமும் எளிய குடும்பத்துக்கு எட்டக்கூடியது.

செய்ய வேண்டியது

குறைந்த செலவில் ஒரு தொடக்கத்தைத் தருமபுரியிலேயே செய்ய இயலும். சட்டக் கல்லூரி இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையமும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. சட்டப் பல்கலைக்கழகம் ஏற்பளித்தால், பணியில் இருப்போருக்காக மாலை அல்லது வார இறுதி வகுப்புகளாக ஓராண்டு முதுநிலைப் பட்டயம் ஒன்றை நேரடி வகுப்பில், தமிழ்வழியில் நடத்தலாம். ஊராட்சி, நிலம், வனம், குழந்தைகள், தொழிலாளர், நுகர்வோர் என மாவட்டத்தின் தேவைக்கேற்ற பாடங்கள் போதும். புகார் எழுதுவது, சாட்சியத்தைப் பதிவு செய்வது, அரசாணையை வாசிப்பது, மேல்முறையீட்டுக்கான காலவரம்பைக் கணக்கிடுவது ஆகியவை பயிற்சியாக அமைய வேண்டும். தமிழில் நடத்த வேண்டும் என்பதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. வட்டாட்சியரின் ஆணையும் கிராம சபைத் தீர்மானமும் காவல் நிலையப் புகாரும் தமிழில்தான் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் சட்டம் படித்தவர் அவற்றைத் தமிழில் எழுதத் தடுமாறுவதை நாம் காண்கிறோம்.

அரசுப் பணியாளர்களுக்கு இதை ஊக்குவிக்கச் சிறு சலுகை போதும்: படிப்புக் காலத்தில் வார இறுதிப் பணியிலிருந்து விலக்கு, முடித்தவருக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு. சங்க ஊழியர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் கட்டணச் சலுகை தரலாம். மலைக் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஒதுக்கீடு தேவை.

வழக்குரைஞர்கள் இதனால் தம் தொழில் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட புகாரும் முறையாகப் பேணப்பட்ட ஆவணமும் வழக்கைப் பாதி வென்று தருபவை என்பது அவர்கள் அன்றாடம் கண்டுவரும் உண்மை. காகிதம் சரியில்லாததால் தோற்கும் வழக்குகளால் எவருக்கும் பயனில்லை.

வாச்சாத்தி மக்களுக்கு நீதி கிடைக்க, மேல்முறையீடு முடியும்வரை முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. அடுத்த முறை ஒரு மலைக் கிராமத்தில் அநீதி நிகழும்போது, அங்குள்ள ஆசிரியரோ செவிலியரோ ஊராட்சிச் செயலரோ அன்றைக்கே அதைச் சட்டத்தின் மொழியில் எழுதி வைக்கத் தெரிந்தவராக இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். அந்தத் திறனைக் கற்றுத்தர ஓராண்டும் சில வகுப்பறைகளும் போதும். உயர்கல்வித் துறையும் சட்டத் துறையும் அமர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம் இது.